பத்து கிராம்

ஆறு மணிக்கு வரச் சொன்னேன்.
ஐந்தரைக்கே துறையில் நின்றார்கள் ஏழு பேர்.
இருட்டில் முதலில் குரல் வந்தது,
பிறகு பாலாடைக்கட்டி வாசனை,
பிறகுதான் ஆட்கள்.

பொஸ்ஸுவோலியிலிருந்து வருகிறார்களாம்,
நேப்பிள்ஸுக்குப் பக்கம். நாலு தலைமுறையாக மீன் வியாபாரம்.
மெரியானா என்ற என் பெயரை
படகில் கால் வைக்குமுன்பே மரியான்னா ஆக்கிவிட்டார்கள்.
திருத்தவில்லை.
மணிக்கு நூற்றறுபது டாலர்,
அந்தக் காசுக்கு எப்படியும் கூப்பிடலாம்.

தௌப்போ ஏரி அன்று
இஸ்திரி போட்டு விரித்ததுபோல் கிடந்தது.
மீனுக்குக் காது உண்டு, என்றேன், வழக்கம்போல.
சபாத்தினோ மொழிபெயர்த்தார்.
அவர்கள் சிரித்த சிரிப்பில்
மேற்குக் கரையிலிருந்து கருப்பு அன்னங்கள் எழுந்து போயின.

மீன்கடை இரைச்சல் என்று சும்மா சொல்லுவோம்.
இது மீன்கடையே படகேறி வந்த இரைச்சல்.
எர்மெலிந்தா என் அடுப்பில், என்னைக் கேளாமல், காப்பி போட்டாள்.
மீன் காட்டும் திரையைத் தட்டி
இதில் கால்பந்து வருமா என்றார் கார்மினே.
மைத்துனர்கள் இருவர்
எந்தக் காலத்திலோ விற்ற ஒரு பெட்டிக் கணவாய்க்காக
வாழ்க்கையில் இனிப் பேசுவதில்லை என்று முடிவெடுத்து
பேசிக்கொண்டே இருந்தார்கள்.

கோல் வளைந்தது.
ஏழு பேரும் அதைப் பிடித்தார்கள்.

வந்தது வானவில் ட்ரவுட்.
நுன்ஸியா வாங்கி உள்ளங்கையில் ஒரு தரம் ஏந்தினாள்:
ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது.
என் தராசு எண்ணூற்றைம்பது என்றது.
உன் தராசு பொய் சொல்லும், என்றாள், சர்வசாதாரணமாக.

கார்மினே ஐஸ்பெட்டிமேல் ஏறி ஏலம் தொடங்கினார்.
அப்போதுதான் சொல்ல வேண்டியதாயிற்று:
இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்கக்கூடாது.
கடையிலும், ஓட்டலிலும், எங்கேயும்.
பிடிக்கலாம், தின்னலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.
சபாத்தினோ இரண்டு தடவை சொன்னார்.
அன்றைய முதல் அமைதி.

அப்படியானால் இதன் விலை?
கிடையாது.
ஏழு பேரும் மீனைப் பார்த்தார்கள்,
செத்தவர் வீட்டில் சிரித்துவிட்டவர்களைப்போல.

அடுத்தது சின்னது. அளவுக்கு இரண்டு விரல் குறைவு.
விட்டுவிடு, என்றேன். முதலில் கையை நனைத்துக்கொள்.
நுன்ஸியா நனைத்தாள். குனிந்தாள். விரல்களைத் தளர்த்தினாள்.
மீன் போகவில்லை.
விட்டாயிற்று என்பது அதற்கும் தெரியவில்லை,
அவளுக்கும்.
பிறகு ஒரு வால் வீச்சு.

நாற்பத்திரண்டு வருடமாக
இந்தக் கைக்கு மீன் வந்திருக்கிறது, என்றாள்.
போனதில்லை.

கையை எடுக்கவில்லை அவள்.
பனி உருகிய தண்ணீர், விறைத்துப்போகும், எடு என்றேன்.
யாரும் மொழிபெயர்க்கவில்லை.
சாம்பல் நிறக் கல்லொன்று மிதந்து வந்து
அவள் விரலில் முட்டியது.
நுரைக்கல். இங்கே கல் மிதக்கும்.
அவள் ஆச்சரியப்படவில்லை. எங்கள் கடலிலும்தான், என்றாள்.

அவர்கள் ஊரில் நிலம் மூச்சு வாங்குகிறதாம்.
துறைமுகம் மேலே எழும்பி
படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கின்றனவாம்.
ராத்திரி தட்டுகள் தாமாகக் கிலுங்கும்.
பதினைந்து நாள் ஆடாத கட்டிலில் தூங்கத்தான்
இவ்வளவு தூரம் வந்தோம்.

இன்ஜினை நிறுத்தினேன்.
இந்த ஏரி ஒரு எரிமலையின் வாய், என்றேன்.

சபாத்தினோ என்னையே பார்த்தார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.
முதலில் சிரித்தது நுன்ஸியா.
பிறகு எல்லோரும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
கார்மினே சிலுவை போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஒயின் கேட்டார்.
அது திறந்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?
எங்கேயும் போகமாட்டோம்.
ம், என்றாள் அவள். நாங்களும்.

கைப்பையிலிருந்து எலுமிச்சை எடுத்தார்கள்.
மீனின் கன்னச் சதையை எனக்கு வைத்தார்கள்.

இரவு தளத்தைக் கழுவிவிட்டு
ஒரு கிலோ ஈயக்குண்டைத் தராசில் தொங்கவிட்டேன்.
ஆயிரத்துப் பத்து.

மறுநாள் வெலிங்டனிலிருந்து இரண்டு பேர்,
காப்பீட்டுக் கம்பெனி.
குரலே இல்லை. ஐந்து மீன். பகல் நீண்டுகொண்டே போனது.
இரண்டு கிலோ நூறு, என்றார் ஒருவர், தராசைப் பார்த்து.
நல்ல மீன், என்றேன்.
மனதுக்குள் பத்தைக் கழித்தேன்.